முகுயு மரத்தில் ஒரு பகல்

என் அண்ணி எஸ்நாத்தியோடு நான் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. காரணம் ஒரு துணிக்கொடி.

என் வீட்டு முற்றத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்த கம்பி அது. மேலே பச்சை பிளாஸ்டிக் உறை போட்டது. சிப்பாட்டா சந்தையிலிருந்து என் கணவர் யோபே வாங்கி வந்தார். எங்கள் மகள் மலிதா பிறந்த வருஷம் அது. குழந்தைத் துணியை முள்வேலியில் காயப்போட்டால் கிழிந்துபோகிறது என்று நான் புலம்பியதற்காக வாங்கியது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கம்பங்கள் மட்டும் நிற்கின்றன, கொடியைக் காணோம். அதே வாரம் அண்ணி புதிதாகக் கோழிக்கூடு கட்டியிருந்தாள். நான் போய் அந்தக் கூட்டை ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கைப்பம்பு அருகே பத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, "எங்க அண்ணன் காவல்காரன், அவன் பொண்டாட்டி திருடி" என்று சொல்லிவிட்டேன். எஸ்நாத்தி குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் யோபேயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் களியைப் பிசைந்துகொண்டே, "போகட்டும் விடு" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி எங்களுக்குப் பசி மாதம். கொல்லையில் சோளம் பால் பிடித்துக்கொண்டிருக்கும், வீட்டில் போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும். அந்த வருஷம் யானைகள் கொல்லைக்குள் இரண்டு தடவை வந்து போனதில் பால் பிடித்ததிலும் பாதிதான் மிஞ்சியது. அப்படிப்பட்ட நாட்களில் முகுயு பழம்தான் கதி. காட்டு அத்தி. பறித்து இரண்டாகப் பிட்டு, உள்ளே இருக்கும் பூச்சியை ஊதித் தள்ளிவிட்டு வெயிலில் காயவைத்து இடித்தால் மாவாகும். கைப்பிடி சோளமாவில் இரண்டு கைப்பிடி அந்த மாவைக் கலந்து கஞ்சி காய்ச்சினால் பிள்ளைகள் அழாமல் தூங்கும்.

ஊருக்குப் பக்கத்தில் இருந்த மரத்தை யானைகள் மொட்டையடித்துவிட்டன. மிச்சம் இருந்தது லுவாங்வா ஆற்றங்கரை மரம். முக்கால் மணி நேர நடை. ஆற்றங்கரைக்கு எந்தப் பெண்ணும் தனியாகப் போவதில்லை, அது எங்கள் ஊர் வழக்கம். அன்று மற்றவர்கள் எல்லோரும் கொல்லைக் காவலுக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியது நானும் எஸ்நாத்தியும்.

கிளம்பும்போது யோபே கேட்டார், "எங்க போற?"

"ஆத்தோர முகுயுக்கு."

"அங்க வேணாம். யானை நிக்குது."

"யானை இங்கயும்தான் நிக்குது. பிள்ளைக்கு ராத்திரி எதக் குடுக்க?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். வேறு ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. சொல்லவில்லை. நான் மலிதாவைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டு, அலுமினியப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எஸ்நாத்தி முன்னால் நடந்தாள், நான் பத்தடி பின்னால். மழைக்காலத்துப் புல் இருபுறமும் எங்கள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. பாதை ஒரு ஆள் அகலம்தான். அவள் தலையில் இருந்த கூடை மட்டும் புல்லுக்கு மேலே மிதந்துபோவது தெரிந்தது. வழிநெடுக ஒரு வார்த்தை இல்லை. அவள் ஒரு முள்கிளையை ஒதுக்கிப் பிடித்து, நான் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நன்றி சொல்லவில்லை.

மரத்தை நெருங்கும்போது அழுகல் நாற்றம் அடித்தது. முதலை எதையோ கரையில் ஒளித்து வைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தாள்.

அந்த மரம் பெரியது. மஞ்சள் தோல் உரிந்த அடிமரத்தை நான்கு பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். கிளைகள் தாழ்வாகவே பிரியும். வேர் முடிச்சில் கால் வைத்து ஏறினால் முதல் கவை மார்பு உயரம்தான். ஒரு பெரிய கிளை ஆற்றுக்கு மேலே நீண்டு கிடக்கும். பழங்கள் கிளைகளின் உடம்பிலேயே கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன, சிவந்து, வெடித்து. எஸ்நாத்தி கூடையோடு மேலே ஏறினாள். நான் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கினேன். பேசாமல் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

பானை கால்வாசி நிறைந்திருக்கும். எனக்குப் பின்னால் புல்லுக்குள்ளிருந்து உண்ணி பொறுக்கும் குருவிகள் இரண்டு, கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு எழும்பின. அந்தக் குருவி மண்ணில் உட்காராது. அது எழும்புகிற இடத்தில் ஒரு மிருகத்தின் முதுகு இருக்கும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும்.

என் கை பழத்தின் மேலேயே நின்றுவிட்டது.

மேலேயிருந்து எஸ்நாத்தி மெதுவாகப் பேசினாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பலேசி. திரும்பாத. பானைய விட்டுட்டு மேல வா."

நான் பானையை விடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு கையில் பானையோடு வேரில் கால் வைத்தேன். புல் கிழிகிற சத்தம் கேட்டது. அவள் என் முடியையும் தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். கவைக்கு மேலே நான் குப்புற விழுந்தபோது என் காலுக்குக் கீழே மரம் அதிர்ந்தது. பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

கிழட்டுக் காட்டெருமை. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் ஆண். முகம் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. ஒரு கொம்பின் நுனி முறிந்திருந்தது, இன்னொன்று முழுதாக இருந்தது. அது பின்வாங்கி நின்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. சிங்கம்கூட அப்படிப் பார்க்காது. சிங்கத்தின் பார்வையில் பசி இருக்கும், பசி தீர்ந்தால் போய்விடும். இது எங்களைத் தெரிந்து வைத்திருப்பதுபோலப் பார்த்தது.

"இன்னும் மேல போ," என்றாள் எஸ்நாத்தி. இருவரும் அடுத்த கவைக்கு ஏறினோம். நான் கிளையில் உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"போயிடும்," என்றேன்.

"போகாது. அடிபட்ட எரும போகாது. நாத்தம் அதுகிட்டேர்ந்துதான் வருது, பாரு."

அது மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. நொண்டியது. முன்னங்கால் ஒன்று பானை மாதிரி வீங்கியிருந்தது. ஈக்கள் அந்தக் காலைச் சட்டைபோல மூடியிருந்தன. பிறகு நிழலில் வந்து நின்றது, அடிமரத்திலிருந்து ஐந்தாறு எட்டு தூரத்தில்.

எஸ்நாத்தி வாய்க்குப் பக்கத்தில் இரண்டு கையையும் குவித்தாள். காட்டு மிருகங்களைக் காக்கும் காவலர்களின் முகாம் ஆற்றின் மேல்புறத்தில், அரைமணி நேர நடையில் இருந்தது. என் அண்ணன் ஜைலோசி அங்கேதான் இருந்தான். தண்ணீர்மேல் குரல் நன்றாகப் போகும். நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.

"கத்தாத அண்ணி."

"ஏன்?"

"மிரண்டுபோய் மரத்த இடிக்கும். கொஞ்ச நேரம் பாப்போம். படுத்துத் தூங்கட்டும்."

உண்மையான காரணம் அது இல்லை. அது சுற்றி வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீங்கிய காலில், குளம்புக்கு மேலே சதைக்குள் புதைந்து ஒரு கம்பி இருந்தது. அறுந்த நுனி ஒரு முழ நீளம் வெளியே இழுபட்டது. அந்த நுனியில் பச்சை பிளாஸ்டிக் உறை.

 காட்டெருமைக்குப் பயந்த பயம் வேறு, இது வேறு. கண்ணி வைப்பதை விட்டாயிற்று என்று யோபே என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அவருடைய மாமா கண்ணி வைத்துப் பிடிபட்டு ஜெயிலிலேயே செத்துப்போனவர். அந்தப் பிணத்தை மாட்டுவண்டியில் கொண்டுவந்த அன்றுதான் சத்தியம் செய்தார். பழம் தின்ன மான் வரும், பன்றி வரும் என்று இந்த மரத்தடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். யானை நிற்கிறது என்று என்னிடம் சொன்னதும் அதனால்தான்.

எஸ்நாத்தி குனிந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தேன். நீர் பழுப்பாக, வேகமாகப் போனது. ஆற்றுக்கு மேலே நீண்ட கிளை வழியாகப் போய்க் குதித்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கரைச் சேற்றில் முதலைகள் இறங்கிய தடங்கள் மூன்று வழவழப்பாகத் தெரிந்தன. யோசனையை விட்டேன்.

"கோழிக்கூட்ட நான் மரநாரால கட்டினேன்," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நான் கிளையின் பட்டையை நகத்தால் கீறினேன்.

"ஊர் முன்னாடி என்னத் திருடின்ன. என் பொண்ண ஸ்கூல்ல அப்படித்தான் கூப்பிடறாங்க, தெரியுமா? திருடி பொண்ணுன்னு."

"அண்ணி..."

"கத்த வேணாம்னு நீ ஏன் சொன்னேன்னு இப்பப் புரியுது. எரும மிரளும்னு இல்ல. என் புருசன் வருவான்னு."

நான் அவள் காலைத்தான் பிடிக்க முடிந்தது, அதைப் பிடித்தேன். "அது தானா போயிடுச்சுன்னா யாருக்கும் தெரியாது அண்ணி. நான் பம்புகிட்ட நின்னு எல்லாரு முன்னாடியும் தப்பு ஒத்துக்கறேன். உன் கால்ல விழறேன். அவர ஜெயிலுக்கு அனுப்பிடாத."

 சிவப்பெறும்புகள் எங்கள் கையில் ஏறின. தட்டிவிட்டால் வேறு எறும்புகள் வந்தன. கீழே காட்டெருமை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. ஒவ்வொரு தடவையும் மூக்கால் ஊதியது, மனிதர் வலியில் முனகுவதுபோல.

"சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும்," என்றாள் எஸ்நாத்தி. "அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன். எனக்கும் வீட்ல பிள்ள இருக்கு."

காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கிளை தொடையை அறுத்தது. பழத்தைத் தின்னலாம் என்று அவள் ஒன்றைப் பிட்டு ஊதிப் பாதியை என்னிடம் நீட்டினாள். வாயில் வைத்தேன், விழுங்க எச்சில் இல்லை. ஒருதரம் காட்டெருமை புல்லுக்குள் போய் மறைந்தது. போய்விட்டது என்று நான் கீழே கால் வைத்தேன். எஸ்நாத்தி என் காதைப் பிடித்துத் திருகி நிறுத்தினாள். "புல்லப் பாரு," என்றாள். காற்று இல்லை, ஆனால் ஒரு இடத்தில் மட்டும் புல்நுனி அசைந்துகொண்டிருந்தது. அது போகவில்லை. உள்ளே படுத்து, நாங்கள் இறங்குவதற்குக் காத்திருந்தது. நான் காலை மேலே இழுத்துக்கொண்டேன். 

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், ஊரிலிருந்து வரும் பாதையில், கரையான் புற்றுக்கு அந்தப் பக்கம், புல்லுக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. மழைக்குப் போடும் நீலத்தொப்பி. யோபே.

எஸ்நாத்தி ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சூரியனைப் பார்ப்பதும் முகாம் பக்கம் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் பார்த்த உடனே நான் கத்தவில்லை. கத்தினால் முகாமுக்குக் கேட்கும் என்று நினைத்தேன். அண்ணன் துப்பாக்கியோடு ஓடி வருவான், கண்ணி பார்க்க வந்த ஆளும் கண்ணியும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்தேன். எருமை தூங்கிவிட்டிருக்கலாம், நாற்றத்தை வைத்து அவரே தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைக்கிற நேரத்தில் அவர் புற்றைத் தாண்டிவிட்டார். தொப்பி நிதானமாக வந்துகொண்டிருந்தது. என் வாய் திறந்துதான் இருந்தது.

குருவிகள் எழும்பின. எஸ்நாத்தி அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். தொப்பியைப் பார்த்த அடுத்த நொடி அவள் கத்தினாள்.

"யோபே, ஓடு! எரும, எரும!"

தொப்பி நின்றது. புல் நடுவே ஒரு கோடு கிழிந்து அவரை நோக்கி நேராகப் போனது. அவர் புற்றுப் பக்கம் திரும்பி ஓடியது தெரிந்தது. ஒரு சத்தம் கேட்டது, ஈரமூட்டையைத் தரையில் போட்டதுபோல. அவர் உடம்பு புல்லுக்கு மேலே வந்தது, கையும் காலும் தனித்தனியாக விரிந்து. பிறகு முள்புதருக்குள் விழுந்து மறைந்தது.

எருமை தாண்டிப் போய்த் திரும்பியது. கால் நொண்டியதால் திரும்ப நேரம் ஆனது. அந்த நேரம்தான் அவரைக் காப்பாற்றியது. நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பானையைக் கவிழ்த்துப் பழங்களைக் கொட்டிவிட்டு, ஒரு கட்டையால் அதை அடித்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றேன். பத்து எட்டு முன்னால் போனேன். என்ன கத்தினேன் என்று பிறகு எஸ்நாத்திதான் சொன்னாள். "என்கிட்ட வா, என்கிட்ட வா" என்று, மாட்டைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டேனாம்.

அது தலையைத் தூக்கியது. புதரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு வந்தது.

நான் ஓடினேன். மரம் நெருங்கவே இல்லை. வேரில் கால் வைத்தபோது அது வழுக்கியது. உதிர்ந்த பழங்களை மிதித்துவிட்டேன். எஸ்நாத்தி கவைமேல் வயிறு படக் கிடந்து இரண்டு கையையும் நீட்டினாள். என் மணிக்கட்டை அவள் பிடித்தாள். அவள் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. நான் மேலே போனபோது கொம்பு அடிமரத்தில் இறங்கியது. ஒரு பலகை அகலத்துக்குத் தோல் பெயர்ந்து பால் வழிந்தது. என் துணியின் ஓரம் அந்தக் கொம்பில் மாட்டிக் கிழிந்து போனது.

"அவரு செத்துட்டாரா?" என்றேன்.

"தெரியல."

"கூப்பிடு அண்ணி, நீ கூப்பிடு. எனக்குக் குரல் வரல."

அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். புதருக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது.

காட்டெருமையின் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"இருமாதீங்க," என்று நான் கத்தினேன். குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. "மலிதா அப்பா, இருமாதீங்க, அசையாதீங்க. சட்டையக் கழட்டி காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டுங்க. பேசாதீங்க. நான் பேசறேன்."

கையில் விடாமல் பிடித்திருந்த பானையை ஒரு காய்ந்த கிளையால் மறுபடி அடிக்க ஆரம்பித்தேன். அது என்னையே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். கை ஓய்ந்தபோது எஸ்நாத்தி வாங்கி அடித்தாள். அடித்துக்கொண்டே முகாமைப் பார்த்துக் கத்தினோம், இரண்டு பேரும் சேர்ந்து. அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டையில் ரத்தம் வந்தது. ஒவ்வொரு தடவை அது தலையைப் புதர் பக்கம் திருப்பும்போதும் நான் கீழ்க் கவைக்கு இறங்கி, காலைத் தொங்கவிட்டு ஆட்டுவேன். அது மரத்துக்கு வரும். நான் காலை இழுத்துக்கொள்வேன். எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. ஒரு தடவை அதன் மூச்சு என் உள்ளங்காலில் சுட்டது.

ஜைலோசி வந்தபோது எங்களுக்கு முதலில் அவன் தெரியவில்லை. துப்பாக்கிச் சத்தம்தான் கேட்டது. இரண்டு தடவை. காட்டெருமை முன்னங்காலை மடித்து, வணங்குவதுபோலக் குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. அது செத்த பிறகும் நாங்கள் பானையை அடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மரத்தடிக்கு வந்து, "போதும், போதும்மா, நிறுத்து" என்று சொன்ன பிறகுதான் எஸ்நாத்தியின் கை நின்றது.

யோபேயின் தொடை இடுப்பிலிருந்து முழங்கால்வரை திறந்திருந்தது. சட்டையைக் கட்டியிருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எஸ்நாத்தி தன் இடுப்புத் துணியை அவிழ்த்து மேலும் இறுக்கிக் கட்டினாள். உள்பாவாடையோடு அவள் மண்டியிட்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, அண்ணனோடு வந்த இன்னொரு காவலர் எருமையின் காலைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க. கண்ணி."

அண்ணன் குனிந்து கம்பியைத் தொட்டான். பச்சை உறையை விரலால் தடவினான். அவனும் என் முற்றத்தில் எத்தனையோ தடவை வந்து உட்கார்ந்து, அந்தக் கொடியில் தொங்கும் துணிக்கு நடுவே தலையை நீட்டி என் மகளுக்குப் பூச்சாண்டி காட்டியவன்.

"யாரோடது இது?" என்றான். யாரையும் பார்க்காமல்தான் கேட்டான். கேட்காமல் இருந்தால் அந்த இன்னொரு காவலர் கேட்பார்.

எஸ்நாத்தி தலை நிமிரவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டத்தோடு ஒரு மாதம் நடந்தவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. சொல்லவில்லை.

யோபே கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னோடது அண்ணே," என்றேன். "என் துணிக்கொடி. அண்ணி திருடல."

ஜைலோசி எழுந்தான். பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல ஆளத் தூக்குங்க," என்றான்.

யோபேக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம், பிறகு ஜெயில். புகாரை அண்ணன்தான் எழுதிக் கொடுத்தான், அண்ணன்தான் கோர்ட்டில் நின்று சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோபம் இல்லை, வெட்கம். எருமைக் கறியை ஊர்த்தலைவர் பங்கு போட்டுக் கொடுத்தார். வீங்கிய காலை மட்டும் புதைத்தார்கள். பசி மாதத்தில் அது பெரிய விருந்து. மலிதா தின்றாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. பம்படியில் நின்று, சொன்னபடி எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். காலில் விழப்போனபோது எஸ்நாத்தி நகர்ந்துகொண்டு, "குடம் நிறைஞ்சு வழியுது, அதப் பாரு," என்றாள். யோபே இல்லாத நாட்களில் அவள்தான் என் கொல்லையில் எனக்குத் துணையாகக் காவல் இருந்தாள்.

இரண்டு மழைக்காலம் போய் மூன்றாவது மழையின் தொடக்கத்தில் யோபே திரும்பி வந்தார். இடது கால் முழங்காலில் மடங்காது. கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். முன்னைவிடக் குறைவாகப் பேசினார். ராத்திரி நான் தூக்கத்தில் உதைக்கிறேன் என்று தனிப்பாய் போட்டுக்கொண்டார்.

வந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், மலிதா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். நான் அவருக்குக் களியும் கீரையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். இனிமேலும் வைத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

"அன்னைக்கு நீங்க வர்றப்போ," என்று ஆரம்பித்தேன். "நான் முன்னாடியே பாத்துட்டேன். புத்துக்கு அந்தப் பக்கம் வர்றப்பவே. கத்தல."

அவர் களியை உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டி, கீரையில் தொட்டு, வாயில் போட்டு மென்று விழுங்கினார்.  

"தெரியும்," என்றார்.

"எப்படி?"

"மரத்துல ரெண்டு பேரு இருந்தீங்க. நீ என்னப் பாத்த பக்கம் உக்காந்திருந்த. தூரத்துலயே உன் துணிக் கலரு தெரிஞ்சுது, பழம் பறிக்கறேன்னு நெனச்சேன். கேட்டது அண்ணி குரலு."

"ரெண்டு வருசமா தெரியுமா?"

"ஆமா."

"ஏன் கேக்கல?"

அவர் மடங்காத காலைக் கையால் தூக்கி வேறு பக்கம் வைத்தார். "கேட்டா நீ காரணம் சொல்லுவ. காரணம் நான்தான். அத எதுக்கு உன் வாயால கேக்கணும்?"

பிறகு கீரையில் உப்பு போதவில்லை என்றார். எழுந்துபோய் எடுத்து வந்தேன். போடும்போது கொஞ்சம் கூடவே விழுந்துவிட்டது. அவர் அதையும் தின்று முடித்தார்.